நெல் முளைத்த சுவர்

பாஷ்யம் சுவாமியின் பிள்ளை சம்பத்குமாருக்குக் கையில் ஏதோ கோளாறு என்று தெருவில் முதலில் கிளப்பிவிட்டது யார் என்று தெரியாது. முழுக்கையும் இல்லை. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், இந்த மூன்று மட்டும். டிபன் பாக்ஸைத் தூக்கினால் மூடியின் மேல், ரயிலில் ஏறினால் கம்பியின் மேல், கோயிலில் கோஷ்டியோடு நின்று பாசுரம் சேவிக்கும்போது இடுப்பு வேஷ்டியின் மேல், அந்த மூன்றும் மாறி மாறி அமுங்கி எழுந்துகொண்டே இருக்கும். ஒரு இடத்தில் காலூன்றி நிற்கிற ஆளும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கும் கூடத்துக்கும் இரண்டு நடை நடந்துவிட்டு வருவான்.

நரம்புத் தளர்ச்சி என்றார்கள் சிலர். "மனசுக்குள்ளே டைப் அடிச்சிண்டிருக்கான், ஆபீஸ்லே ஏதோ பரீட்சையாம்" என்றார் எதிர்வீட்டு எம்பார். பக்கத்து வீட்டுச் செங்கமலவல்லி மட்டும் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது. ஆனால் பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பெரிய காரணம்தான், மூன்று வால்வை மூன்று விரலால் அமுக்கி ஊதுகிற பித்தளை வாத்தியம்: டிரம்பெட்.

அம்பத்தூரில் சைக்கிள் பாகம் செய்கிற கம்பெனியில் சம்பத்குமார் அக்கவுண்ட்ஸில் இருந்தான். அதே கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்த ராஜமாணிக்கம் சாயங்காலமானால் மெல்லிசைக் குழு நடத்துகிறவன். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வேடிக்கைக்காக எல்லோர் கையிலும் டிரம்பெட்டைக் கொடுத்து ஊதச் சொன்னான். மற்றவர்கள் ஊதியதில் காற்றும் எச்சிலும்தான் வந்தன. சம்பத்குமார் ஊதியதில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலிருந்த புறாக் கூட்டமே எழுந்து பறந்தது.

"யோவ் ஐயரே, உன் நெஞ்சுக்குள்ள இன்னாய்யா வெச்சிக்கினு கீற? கொல்லன் துருத்தியா?" என்றான் ராஜமாணிக்கம்.

ஏழு வயதிலிருந்து மைக் இல்லாமல் நாலு மாட வீதிக்கும் கேட்கும்படி பாசுரம் சொல்லி வளர்ந்த நெஞ்சு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன் பம்பாய்க்குப் போய்விட்டிருந்தான். பொங்கல் கச்சேரிக்குள் தேறிவிட்டால் அந்த இடம் சம்பத்குமாருக்கு என்று பேச்சு. வாத்தியமும் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த மூன்று விரல்களுக்கும் தூக்கமில்லை.

ஆசை ஒன்றானால் விட்டுத்தொலைக்கலாம். இவனுக்கு ஆசை இரண்டு. கோஷ்டியையும் விட மனசில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் ஈர வேஷ்டியோடு வரிசையில் நின்று, அத்தனை குரலும் ஒரே குரலாகப் போகிறபோது அதில் தன் குரலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகிற அந்த நிமிஷத்துக்காகவே அவன் வெள்ளிக்கிழமைகளில் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

கோஷ்டிக்குத் தலைவர் அவன் அப்பா. பாஷ்யம் சுவாமி தன் வீட்டிலேயே டம்ளரில் உதடு பட்டுத் தீர்த்தம் சாப்பிடாதவர். எச்சில் என்ற ஒரு வார்த்தைக்கு அவரிடம் பேரமே கிடையாது. சொந்த அண்ணா பிள்ளை வரதன் ஸ்டேஷன் பக்கம் பீடியும் வாயுமாக நின்றதைப் பார்த்துவிட்டு, மறுநாளே "நீ வரிசையிலே நிக்க வேண்டாம்" என்று நடு மண்டபத்தில் வைத்துச் சொன்னவர். வரதன் அழுதான், காலில் விழுந்தான், நடக்கவில்லை. பீடிக்கே அந்தக் கதி என்றால், ஊர் பேர் தெரியாதவன் வாய் வைத்து ஊதிய பித்தளையை வாங்கித் தன் வாயில் வைத்து, ஊதி முடித்தபின் ஓட்டையைத் திறந்து எச்சிலைக் கீழே வடிக்கிற சமாசாரத்துக்கு?

ஆகவே ஊத வேண்டும்; ஒரு காதுக்கும் கேட்கக் கூடாது.

ஏரிக்கரையில் ஊதிப் பார்த்தான். எருமைகள் கலைந்து, மேய்க்கிறவன் தடியோடு வந்தான். கம்பெனிக் கொட்டகையில் ஊதினான். ஷிப்டு சங்கு என்று நினைத்து ஆட்கள் கேட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் யோசனை சொன்னவனும் ராஜமாணிக்கம்தான். அவன் மாமனார் ராயபுரத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர். அங்கே சுவரை இரண்டாகக் கட்டி நடுவில் நெல் உமியைக் கொட்டி இறுக்கிவிடுவார்களாம்.

"உள்ள கீற குளிரே வெளிய வரலன்னா, சத்தம் மட்டும் எப்டிப்பா வரும்? அதுக்கு இன்னா தனியா காலு கீதா?"

சம்பத்குமாருக்கு இது சரியென்று பட்டது. சரியாகவும்தான் இருந்தது, அதுதான் பின்னால் வந்த வினை.

கொல்லைக் கோடியில், மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் வேலை ஆரம்பித்தது. கொத்தனார் முனுசாமிக்கு முதல் நாளே தலை சுற்றியது.

"இன்னா சாமி, ஊட்டுக்குள்ள ஒரு ஊடு கட்டச் சொல்றீங்க? ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கறது?"

"ஜன்னல் வேண்டாம்."

"ஜன்னல் இல்லாம ஊடா? பேயி கீயி புடிச்சு வெச்சுப் பூட்டப் போறீங்களா?"

"நீ கட்டேன் முனுசாமி."

ஒரு முழம் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர். கடம்பத்தூர் கலியன் மில்லிலிருந்து மாட்டு வண்டியில் உமி வந்தது. முனுசாமி ஏணி மேல் நின்று கொட்டக் கொட்ட, சம்பத்குமார் உலக்கையால் இடித்து இறுக்கினான். கூரைக்கு அடியில் பலகை, பலகை மேல் உமி மூட்டை. வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, இரண்டிலும் உள்பக்கம் கோணிக்குள் தேங்காய் நார் அடைத்துத் தைத்த திண்டு. வெளிச்சுவரைப் பூசுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "காஞ்சப்புறம் பூசிக்கலாம் சாமி, சுவரு எங்க ஓடிடப் போவுது" என்று முனுசாமி கரணையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். சம்பத்குமார் உள்ளே ஊத, மனைவி கமலவல்லி வெளியே சுவரில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை.

இதெல்லாம் எதற்கு என்று அப்பாவுக்கும் தெருவுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே. "போட்டோ கழுவற இருட்டறை" என்றான் சம்பத்குமார். ஜன்னல் இல்லாததற்கு இதைவிடப் பொருத்தமான பதில் இந்த மாவட்டத்திலேயே கிடைத்திருக்காது. நம்பும்படியாக ஒரு பழைய பெட்டிக் காமிராவும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

அங்கேதான் பிசகினான். காமிராவை மாட்டிக்கொண்டு இந்தத் தெருவில் சும்மா நடக்க முடியுமா? எம்பார் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ கன்றுக்குட்டியைக் கூட்டிவந்தார்கள். எல்லோரையும் அவன் "கொஞ்சம் சிரிங்கோ" என்று சொல்லிக் கிளிக் செய்தான். உள்ளே பிலிம் கிடையாது. பிலிம் போட்டால் கழுவ வேண்டும், கழுவத் தெரியாது.

செங்கமலவல்லி தன் பெண் பூமாவை அழைத்துவந்தாள். பட்டுப் பாவாடை, தாவணி, தலை கொள்ளாத பூ. காஞ்சிபுரத்தில் ஒரு வரன், படம் கேட்டிருக்கிறார்கள். துளசி மாடத்தின் அருகே நிற்கவைத்து, முகவாயைத் திருப்பி, கிளிக்.

"எப்போடா சம்பத்து கிடைக்கும்?"

"கழுவிண்டிருக்கேன் மாமி."

அடுத்த வாரமும் கழுவிக்கொண்டிருந்தான். ஐப்பசி பாதி போனபின்பும் கழுவிக்கொண்டிருந்தான். காஞ்சிபுரம் வரனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் பெண் நிச்சயமாகிவிட்டது. "இத்தனை நாளாக் கழுவினா என் பொண்ணு மூஞ்சியே கரைஞ்சு போயிருக்கும்" என்று கிணற்றடியில் செங்கமலவல்லி சொன்னது இவன் காதில் விழுவதற்காகத்தான். அன்றிலிருந்து அவள் கண் அந்த ஜன்னல் இல்லாத சுவரை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் சுவர் முளைத்தது.

கலியன் மில் இயந்திரம் அரதப் பழசு. உமியோடு உடைபடாத நெல்லும் கொஞ்சம் தள்ளிவிடும். அடைமழையில் பூசாத வெளிச்சுவர் ஊறி, மண் சாந்து இளகி, செங்கல் இடுக்கெல்லாம் பச்சை பச்சையாக நாற்று எட்டிப் பார்த்தது. இரண்டே நாளில் சுவர் முழுக்கப் பயிர். வாய்க்கால் ஓர வயலைத் தூக்கி நிறுத்திவைத்தாற்போல நின்றது.

ரேஷன் கடையில் அரிசிக்குக் கால் கடுக்க நின்ற காலம் அது. எழுபத்துநாலு. பதுக்கல் பிடிக்கிறார்கள் என்று ஜீப் ஓடாத நாளில்லை. அந்தச் சமயத்தில் ஒரு வீட்டுச் சுவரில் நெல் முளைத்தால் தெரு என்ன நினைக்கும்? இருட்டறை, இரட்டைச் சுவர், கடம்பத்தூரிலிருந்து மூட்டை மூட்டையாக வண்டி. "போட்டோ கழுவறானாம், போட்டோ! நெல்லைக் கழுவிண்டிருக்கான்" என்றாள் செங்கமலவல்லி. தாலுகா ஆபீஸுக்கு யார் போய்ச் சொன்னது என்று கேட்டால், தெருவில் எல்லோரும் பெருமாள் மேல் ஆணையாகத் தான் இல்லை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. அதிகாரி நல்ல மனுஷர்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கூடவே இரண்டு ஆட்கள், மூட்டையில் குத்திச் சரக்கு பார்க்கிற நீளமான இரும்புக் குத்தூசி. பின்னாலேயே தெருவும் வந்துவிட்டது. ஜீப் சத்தம் கேட்டதுமே சம்பத்குமாரின் மனைவி கமலவல்லி கொல்லைக்கு ஓடி, டிரம்பெட்டை எடுத்து வெந்நீர் அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

செங்கல் இடுக்கில் குத்தூசி இறங்கியது. வெளியே வந்தபோது குழிவில் உமி. உமிக்குள் நாலைந்து நெல்.

"சார், அது உமிதான்" என்றான் சம்பத்குமார். மூன்று விரல்களும் தொடையில் படபடத்தன.

"மேலே உமி, நடுவிலே மூட்டை. எத்தனை பாத்திருக்கோம் சாமி. சுவருக்குள்ள எதுக்கு உமி? நீங்களே சொல்லுங்க."

சம்பத்குமார் வாயைத் திறந்தான். எதிரே பாஷ்யம் சுவாமி நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று, முகம் மட்டும் இறுகிப்போய். வாயை மூடிக்கொண்டான்.

"இடிச்சுப் பாத்துடலாம். யார் கட்டினது?"

முனுசாமியைக் கூட்டிவந்தார்கள். கடப்பாரையைக் கையில் கொடுத்ததும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "நான் கட்னத நானே இடிக்கறதா? இன்னா பேஜாரு சார் இது!"

கமலவல்லி கணவனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, உதடு அசையாமல் சொன்னாள்: "பேசாம இருங்கோ. இடிச்சா இடிக்கட்டும். உள்ளே உமிதானே? பாத்துட்டுத் தானே போயிடுவா. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

சரியான கணக்கு. சுவர் போகும், மானம் மிஞ்சும், கோஷ்டியும் மிஞ்சும். வாயை மட்டும் அடக்கிக்கொண்டு நின்றால் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் இந்தத் தாலுகாவில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

முனுசாமி கடப்பாரையை ஓங்கி முதல் குத்துக் குத்தினான். ஒரு செங்கல் நகர்ந்தது. உமி சரசரவென்று ஒழுக ஆரம்பித்தது, நிற்காமல்.

"நிறுத்துங்கோ!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சம்பத்குமார் ஒழுகுகிற ஓட்டையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு நின்றான். "நெல்லுக்கு இல்லை சார். சத்தம் வெளியிலே போகாம இருக்கறதுக்கு."

"என்ன சத்தம்?"

"டிரம்பெட்."

"என்னது, டிரம்மா?" என்றார் எம்பார்.

கமலவல்லி தலையில் அடித்துக்கொண்டு போய் அண்டாவைத் திறந்தாள். பித்தளை வெயிலில் மின்னியது. பாஷ்யம் சுவாமி அதன் நுனியில் வாய் வைக்கிற கிண்ணத்தையே பார்த்தார். பிறகு பிள்ளையின் உதட்டைப் பார்த்தார்.

அதிகாரி உதட்டோரம் சிரித்தார். "சரி, ஊதிக் காட்டுங்க."

சம்பத்குமார் டிரம்பெட்டோடு அறைக்குள் போனான். பழக்கம் போகுமா? முதல் கதவைச் சாத்தினான், இரண்டாவதையும் சாத்தினான். பொங்கலுக்கு வைத்திருந்த உருப்படியை முழுசாக ஊதினான். நெற்றி நரம்பு புடைக்க, கழுத்தில் வேர்வை வழிய வெளியே வந்தான்.

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார் அதிகாரி.

"ஊதியாச்சே சார்."

கொல்லை சிரிப்பில் அதிர்ந்தது. அதிகாரி முகம் சிவந்தது. "என்னைப் பாத்தா கோமாளியாட்டமா இருக்கு?"

"கேக்கலைன்னா அதுதானே சார் ருசு? சத்தம் வெளியிலே வரலை பாருங்கோ!"

"சத்தம் வராம இருக்க ஊதாம இருந்தாலே போதுமேய்யா!"

"அப்போ கதவைத் திறந்து வெச்சுண்டு ஊதறேன்."

"கதவைத் திறந்து ஊதினா எந்த வீட்லேர்ந்தும் கேக்கும். அதுக்கு உமி எதுக்கு?"

யாராவது ஒருவர் சம்பத்குமாரோடு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும், வேறு வழியில்லை. ஜன்னல் இல்லாத அறை என்றால் தனக்கு மூச்சு முட்டும் என்றார் அதிகாரி. உமியில் பாம்பு இருக்கும் என்று எம்பார் பின்வாங்கினார். "நான் போறேன்" என்று செங்கமலவல்லி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். அவளை மட்டும் அனுப்ப யாருக்கும் இஷ்டமில்லை.

"பாஷ்யம் சாமி போகட்டும். அவர் வாயால சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றார் அதிகாரி.

பாஷ்யம் சுவாமி உத்தரீயத்தை இறுக்கிக்கொண்டு, குனிந்து, அந்த வாசலுக்குள் நுழைந்தார்.

உள்ளே ஒரே ஒரு குண்டு பல்பு. முக்காலியை நகர்த்திப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.

"ஊது."

"என்ன ஊதட்டும்பா?"

"வழக்கமா என்ன ஊதுவியோ அதை."

வழக்கமாக ஊதுவது அந்தப் பொங்கல் உருப்படிதான், காபரே ஆட்டத்துக்கு நடிகை மேடைக்கு வரும்போது வாசிக்கிற துண்டு. அப்பாவை வைத்துக்கொண்டு அதையா? வேறு தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அதையே ஊதினான். உச்சியில் ஒரு சுரம் நின்று நீள வேண்டும். நிறுத்தினான், நீட்டினான், இறக்கினான். கண்ணைத் திறந்தால் அப்பா காதைப் பொத்தவில்லை. முழங்கால் மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நாலஞ்சு மாசமா கோஷ்டியிலே உனக்கு மூச்சு நீண்டிருந்தது" என்றார். "ரெண்டடியை ஒரே மூச்சிலே சொன்னே. பெருமாள் கடாட்சம்னு நினைச்சேன்."

சம்பத்குமார் டிரம்பெட்டை வேஷ்டித் தலைப்பால் துடைத்தான்.

"வெளியிலே பேசறது ஒண்ணுமே கேக்கலையேடா. செங்கமலம் குரல்கூட?"

"கேக்காதுப்பா."

"அப்போ நல்ல சுவர்தான்." கையை நீட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே சொன்னார்: "நான் ஊதலைன்னு பொய் சொல்லுங்கோன்னு கேப்பியோன்னு பயந்துண்டே வந்தேன். கேக்கலை நீ."

"கேக்க மாட்டேன்பா."

"ஊதினான்னு நான் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமோல்லியோ? வரதனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு என்னாலே முடியாது."

சம்பத்குமாரின் விரல்கள் வால்வுகளின் மேல் சத்தமில்லாமல் அமுங்கி எழுந்தன. "சொல்லுங்கோப்பா" என்றான்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூச, பாஷ்யம் சுவாமி அதிகாரியின் முன்னால் வந்து நின்றார். "ஊதினான். என் காது இன்னும் இரைஞ்சிண்டிருக்கு. நெல் கிடையாது."

அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். ஆட்களுக்கு ஜாடை காட்டினார். முனுசாமி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, நகர்ந்த செங்கல்லைத் தானே தள்ளி உள்ளே பொருத்தினான்.

பாஷ்யம் சுவாமி இன்னும் முடிக்கவில்லை. எம்பாரைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நாளைலேர்ந்து சம்பத்து கோஷ்டிக்கு வர மாட்டான். அவன் இடத்திலே உம்ம பிள்ளை நிக்கட்டும்." சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்திய வேஷ்டியோடு வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொண்டார்.

யாருக்கும் பேச வாய் வரவில்லை, ஒருத்தியைத் தவிர.

"அப்போ என் பூமா போட்டோ?"

"பிலிமே போடலை மாமி" என்றான் சம்பத்குமார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

அதற்கு அவள் போட்ட சத்தத்தைத் தடுக்கிற அளவுக்கு உமி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பதுக்கல், டிரம்பெட், எச்சில் எல்லாவற்றையும் தெரு பிற்பாடு மன்னித்தாலும் மன்னிக்கும். காலிப் பெட்டியின் முன்னால் பஞ்சகச்சத்தோடு உட்காரவைத்ததை எம்பார் மன்னிப்பார் என்று தோன்றவில்லை.

மறுநாள் காலை பெருமாள் புறப்பாடு. சம்பத்குமார் விடியுமுன் எழுந்து குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு, வேஷ்டியைக் கட்டிக்கொண்டு நடை வரை வந்துவிட்டான். அங்கேதான் நினைவு வந்தது. திரும்பினான். கூடத்துக்கும் கொல்லைக்கும் எத்தனை தடவை நடந்தானோ. தெருக்கோடியில் கோஷ்டியின் குரல் கிளம்பியதும் அறைக்குள் போய் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டான்.

சுவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஒன்றும் கேட்கவில்லை. டிரம்பெட்டை எடுத்தான், வைத்தான். எழுந்தான், உட்கார்ந்தான். உள்கதவைத் திறந்தான். சாத்தினான். மறுபடி திறந்து, வெளிக்கதவையும் ஒரு சாண் திறந்து, இடுக்கில் தலையை வைத்துக்கொண்டு நின்றான்.

தளிகைக்குத் தண்ணீர் எடுக்க வந்த கமலவல்லி குடத்தோடு நின்றாள். "காத்து வரலையா?"

அவன் உஸ் என்று கை காட்டினான். தெருவில் குரல்கள் நெருங்கி வந்தன, வீட்டு வாசலைத் தாண்டின.

"எம்பார் பிள்ளை எங்கே மூச்சு விடறான்னு பாக்கறேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பாதி அடியிலேயே விட்டுட்டான்" என்றான்.